பெரிய எதிர்பார்ப்பு, சின்ன ஆட்டம்: அமெரிக்கக் கால்பந்தில் ‘பஸ்ட்’ என்றால் என்ன?

1998 ஏப்ரல் மாதம். அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் எல்லோரும் ஒரே வாக்குவாதத்தில் இருந்தார்கள். பெய்டன் மேனிங்கா, ரயன் லீஃபா? இரண்டு பேரும் கல்லூரி ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள். வீரர்களை எடைபோடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் மேனிங் என்றார்கள், இன்னொரு சாரார் லீஃப் என்றார்கள். லீஃபின் கை பலமானது, அவர் இன்னும் வளர இடமிருக்கிறது என்பது இரண்டாவது கூட்டத்தின் வாதம். கடைசியில், தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்ச்சியில், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி மேனிங்கை முதலாவதாக எடுத்தது. சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி லீஃபை இரண்டாவதாக எடுத்தது.

மேனிங் லீக்கின் சிறந்த வீரர் விருதை ஐந்து முறை வாங்கினார், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றார், 2021-இல் ஆட்டத்தின் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் பெற்றார். லீஃப் 26 வயதில் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். இன்றைக்கும் ‘பஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் அமெரிக்க ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் பெயர்தான்.

சரி, பஸ்ட் என்றால் என்ன? பெரிய எதிர்பார்ப்போடு மிக உயர்ந்த இடத்தில் தேர்வு செய்யப்பட்டு, தொழில்முறை ஆட்டத்தில் அந்த எதிர்பார்ப்பின் பக்கத்தில்கூட வர முடியாமல் போன வீரர். அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்ட ஒருவர் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வீட்டுக்குப் போனால் அவரை யாரும் பஸ்ட் என்று சொல்வதில்லை. இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் சுமாராக ஆடினாலே சொல்லிவிடுகிறார்கள். ஆக, இந்தச் சொல் இரண்டு விஷயங்களைச் சேர்த்து அளக்கிறது: எந்த இடத்தில் எடுத்தார்கள், அப்புறம் எப்படி ஆடினார். இதில் முதல் விஷயத்தை வீரர் தீர்மானிப்பதே இல்லை. அது வேறு யாரோ போட்ட கணக்கு. கணக்கு தப்பினால் பழிப்பெயர் மட்டும் வீரருக்கு வந்து சேர்கிறது. இது எனக்கு நீண்ட நாளாக உறுத்தும் விஷயம்.

புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். இங்கே பேசுவது காலால் உதைக்கும் கால்பந்தைப் பற்றி அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசம் அணிந்து மோதியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தொழில்முறை லீக் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். இந்த அணிகளுக்குப் புது வீரர்கள் பெரும்பாலும் கல்லூரி அணிகளிலிருந்து வருகிறார்கள். யார் எந்த அணிக்குப் போவது என்று முடிவு செய்ய ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். டிராஃப்டில் ஏலம் கிடையாது. பணம் அதிகம் கொடுப்பவருக்கு வீரர் என்ற பேச்சே இல்லை. போன ஆண்டு மிக மோசமாக ஆடிய அணி முதலில் வந்து, பிடித்த வீரரை எடுத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த மோசமான அணி இரண்டாவது. சாம்பியன் அணிக்குக் கடைசி முறை. இப்படி ஏழு சுற்று. எடுக்கப்படும் வீரருக்குத் தன் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. பலவீனமான அணிகள் தலைதூக்க வேண்டும், லீக் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் கொடுத்த யோசனையில் 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளப் பேச்சு ஒத்துவராததால் வேறு வேலைக்குப் போய்விட்டார். டிராஃப்டின் வரலாற்றில் எடுத்த முதல் தேர்வே பயன்படாமல் போயிற்று.

ஒரு முக்கியமான விஷயம். அணிகள் தங்கள் தேர்வு வாய்ப்புகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளலாம். ‘உன் மூன்றாவது இடத்தை எனக்குக் கொடு, பதிலுக்கு என் பன்னிரண்டாவது இடத்தையும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் வைத்துக்கொள்’ என்று பேரம் பேசலாம். ஒரே ஒரு வீரருக்காக அணியின் எதிர்காலத்தையே அடமானம் வைக்கும் வழி இது. பெரிய பஸ்ட் கதைகள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு பேரம் இருக்கிறது.

அப்புறம், பஸ்ட் பட்டியல்களில் குவாட்டர்பேக்குகள் ஏன் இவ்வளவு பேர்? பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்தான் குவாட்டர்பேக்; லீஃப், மேனிங் இருவரும் அந்த வகை. களத்தில் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரணியின் ராட்சத உடல்கள் தன்னை நோக்கிப் பாய்ந்துவரும் மூன்று நான்கு நொடிகளுக்குள், யாரிடம் எறிவது என்று முடிவு செய்து, துல்லியமாக எறிய வேண்டும். நல்ல குவாட்டர்பேக் இல்லாத அணி கரையேறுவது கடினம். அதனால் பரிதவிக்கும் அணிகள் ஒரு நல்ல குவாட்டர்பேக் கிடைத்துவிட மாட்டாரா என்ற ஏக்கத்தில், தகுதிக்கு மேலே போய் எடுத்துவிடுகின்றன. எடுத்த கையோடு ஆடவும் விட்டுவிடுகின்றன.

மறுபடி லீஃபிடம் வருவோம். அவர் ஆடிய வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 67 ஆண்டுகளுக்குப் பிறகு, கல்லூரி அணிகளின் புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்துக்குப் போனது அவரால்தான். சார்ஜர்ஸுக்கு இயல்பாகக் கிடைத்தது மூன்றாவது இடம். ஒரே ஒரு படி மேலே ஏறி லீஃபை உறுதிசெய்துகொள்ள, அரிசோனா கார்டினல்ஸிடம் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே இரண்டு வீரர்களையும் கொடுத்தார்கள். லீஃபுக்குக் கையெழுத்திட்டதற்கு மட்டும் 1 கோடி டாலருக்கு மேல். வயது அப்போது 22.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் சார்ஜர்ஸ் வென்றது. மூன்றாவது ஆட்டம் கான்சஸ் சிட்டியில். அன்றைக்கு லீஃப் 15 முறை எறிந்தார். அதில் ஒன்றே ஒன்றுதான் தன் அணி வீரரின் கையில் சேர்ந்தது. கிடைத்த தூரம் நான்கு யார்டு. இரண்டு எறிகளை எதிரணி பறித்தது. அடுத்த நாள் உடைமாற்றும் அறையில் ஒரு நிருபரைப் பார்த்து அவர் கத்தியது கேமராவில் பதிவாகி, நாடு முழுக்க ஓடியது. அதன் பிறகு அவர் ஒவ்வொரு தவறுக்கும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அவரை எடுத்த தலைமைப் பயிற்சியாளர் ஆறு ஆட்டங்களோடு பதவி இழந்தார். அந்தப் பருவத்தில் லீஃப் எறிந்து போட்ட டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) 2, பறிகொடுத்த எறிகள் 15. அடுத்த ஆண்டு முழுவதும் தோள் காயத்தில் போயிற்று. 2000-இல் அணி 16 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்றது, அதோடு அவரை விடுவித்துவிட்டார்கள். என்எஃப்எல்லில் அவர் தொடங்கிய, அதாவது ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே களமிறங்கிய, 21 ஆட்டங்களில் மொத்தம் 4 வெற்றி, 17 தோல்வி.

இதை மட்டும் படித்தால் முடிவு எளிதாகத் தோன்றும். ஆனால் அதே 1998-இல் மேனிங் எப்படி ஆடினார் தெரியுமா? 28 எறிகளை எதிரணிக்குப் பறிகொடுத்தார். ஒரு புதுமுக வீரர் ஒரே பருவத்தில் பறிகொடுத்த எண்ணிக்கையில் அதுவே உச்சம். கோல்ட்ஸ் 3 ஆட்டம் வென்று 13-இல் தோற்றது. எண்களை மட்டும் ஒருவரிடம் காட்டியிருந்தால் இவரும் தேறமாட்டார் என்றே சொல்லியிருப்பார். கோல்ட்ஸ் அவரை 16 ஆட்டங்களிலும் களத்தில் வைத்திருந்தது. தப்பு செய்யவிட்டது, அந்தத் தப்புகளிலிருந்து அவர் படித்தார். அடுத்த ஆண்டு அணி 13 வெற்றி, 3 தோல்வி என்று அப்படியே தலைகீழாக மாறியது.

லீஃபுக்கும் இதே பொறுமை கிடைத்திருந்தால் அவரும் மேனிங் ஆகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. தன் தவறுகளை, தன் கோபத்தை, உழைக்காமல் விட்டதை லீஃபே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆனால் ஒருவர் தோற்கும்போது அவருடைய தவறு எங்கே முடிகிறது, சுற்றியிருந்தவர்களின் தவறு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இந்தத் துறையைத் தொடர்ந்து பார்க்கும்போது திரும்பத் திரும்ப எனக்குத் தெரியும் விஷயம் இதுதான்.

சார்ஜர்ஸின் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. 2000-இல் ஒரே வெற்றியோடு அடிமட்டத்துக்குப் போனதால் 2001 டிராஃப்டில் முதல் இடம் அவர்களுக்கு வந்தது. அதை அட்லாண்டாவுக்கு விட்டுக்கொடுத்து, ஐந்தாவது இடத்தில் லடேனியன் டாம்லின்சனை எடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் ட்ரூ பிரீஸ் கிடைத்தார். இருவருமே இந்த ஆட்டம் கண்ட மிகப் பெரிய பெயர்கள். விழுந்த பள்ளத்திலேயே அணி இரண்டு புதையலை எடுத்தது. அணிக்கு அடுத்த டிராஃப்ட் என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. வீரர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் டிராஃப்ட் செய்யப்படுகிறார்.

அடுத்து ஜமார்கஸ் ரஸல். 2007-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதலாவதாக எடுத்த குவாட்டர்பேக். அசாத்தியமான கைபலம். முழங்காலிட்டபடியே 60 யார்டு எறிவார் என்று பேசிக்கொண்டார்கள். ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனதால் பயிற்சி முகாம் முழுவதையும் தவறவிட்டு, பருவம் தொடங்கிய பிறகுதான் கையெழுத்திட்டார். புது மாணவன் முதல் மாதம் முழுக்கப் பள்ளிக்கு வராதது மாதிரி. நிச்சயமாகக் கையில் வரும் தொகை மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். மூன்று பருவங்கள் ஆடினார்; தொடங்கிய 25 ஆட்டங்களில் 7 வெற்றி, 18 தோல்வி. 2010 மே மாதம் அணி அவரை விடுவித்தது. அதன் பிறகு அவர் என்எஃப்எல் ஆட்டம் எதிலும் ஆடவில்லை.

அந்த ஆண்டு அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்களைப் பார்த்தால் ரெய்டர்ஸ் ரசிகர்களின் வயிற்றெரிச்சல் புரியும். இரண்டாவது கால்வின் ஜான்சன், மூன்றாவது ஜோ தாமஸ், பதினோராவது பேட்ரிக் வில்லிஸ், பதினான்காவது டரெல் ரீவிஸ். நான்கு பேரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில். ஏழாவது இடத்தில் வந்த ஏட்ரியன் பீட்டர்சன் லீக்கையே கலக்கிய ஓட்டக்காரர். பஸ்ட் என்ற சொல்லில் இருக்கும் கசப்பில் பாதி இப்படித்தான் வருகிறது. எடுத்தவர் ஆடாதது ஒரு வலி, விட்டவர்கள் எல்லாம் வேறு சட்டை போட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்ப்பது இன்னொரு வலி.

ரஸல் மாதிரியானவர்களின் ஒப்பந்தங்களால் விதியே மாறியது. 2010 வரை புது வீரரின் சம்பளத்துக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதித் தொகை மட்டும் 5 கோடி டாலர். 2011-இல் அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் போட்ட புது ஒப்பந்தத்தில், எந்த இடத்தில் எடுக்கப்பட்டால் எவ்வளவு என்று அளவு வைத்தார்கள். அந்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2.2 கோடி டாலர்தான். இப்போது ஒரு தேர்வு தவறினால் அணியின் கஜானா காலியாவதில்லை. ஆனால் இதனால் அணிகளின் பொறுமையும் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. விலை குறைந்த பொருளைத் தூக்கிப்போடத் தயக்கம் வராதல்லவா? 2018-இல் அரிசோனா கார்டினல்ஸ் ஜாஷ் ரோஸனைப் பத்தாவதாக எடுத்தது. ஒரே பருவத்தில் பயிற்சியாளரை மாற்றியது. அடுத்த டிராஃப்டிலேயே முதல் இடத்தில் கைலர் மரே என்ற வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்து, ரோஸனை மயாமிக்கு அனுப்பிவிட்டது. 22 வயதுப் பையனுக்கு ஒரே ஒரு ஆண்டுதான் கிடைத்தது.

இத்தனை வல்லுநர்கள் இருந்தும் ஏன் தவறுகிறது? இதில் ஒரு பகுதி அளவெடுப்பு மோகம். ஒவ்வொரு ஆண்டும் டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபொலிஸில் ‘கம்பைன்’ என்று ஒரு சோதனை நடக்கும். 40 யார்டு ஓட்டம், உயரத் தாவுதல், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்பதெல்லாம் அதில் உண்டு. எல்லாமே எண்கள். எண் கையில் கிடைத்தால் மனசுக்குத் தெம்பு வந்துவிடுகிறது. 1995-இல் மைக் மமுலா என்ற தடுப்பாட்டக்காரர் இந்தச் சோதனைகளில் எல்லோரையும் அசத்தினார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பேரம் பேசி மேலே வந்து அவரை ஏழாவதாக எடுத்தது. அந்தப் பேரத்தில் கீழே இறங்கிய டாம்பா பே அணி பன்னிரண்டாவது இடத்தில் வாரன் சாப்பை எடுத்தது. அதே சுற்றின் பிற்பகுதியில் டெரிக் புரூக்ஸையும் எடுத்தது. இருவரும் ஹால் ஆஃப் ஃபேம்.

உண்மையைச் சொன்னால் மமுலா மோசமான வீரரே அல்ல. ஐந்து பருவங்கள் ஆடினார், எதிரணிக் குவாட்டர்பேக்குகளை முப்பது முறைக்கு மேல் மடக்கிக் கீழே தள்ளினார். ஏழாவது இடத்துக்குப் பதிலாக மூன்றாம் சுற்றில் எடுத்திருந்தால், உருப்படியான வீரர் என்று எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். அவர் பெயர் பஸ்ட் பட்டியல்களில் வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பொருளாதார அறிஞர்களான கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் இதை ஆராய்ந்தார்கள். இந்தத் தேலர்தான் 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரே வகை ஆட்டக்காரர்களில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? விடை 52 சதவீதம். காசு சுண்டிப் போடுவதைவிடச் சற்றே மேல். இவ்வளவு நிச்சயமற்ற ஒரு விஷயத்துக்குத்தான் மூன்று ஆண்டுத் தேர்வுகளை அள்ளிக் கொடுக்கிறார்கள். தங்கள் கணிப்பின் மேல் அணிகளுக்கு இருக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கைதான் பஸ்ட்டுகளை உருவாக்குகிறது என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு எண் போதும்.

இதற்கு அண்மைக்கால உதாரணம் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் (49ers) அணி. ட்ரே லான்ஸ் 2019-இல் கல்லூரியில் 28 டச் டவுன் போட்டு, ஒரு எறிகூடப் பறிகொடுக்காமல் அணியைச் சாம்பியனாக்கியவர். ஆனால் அது கல்லூரி ஆட்டத்தில் இரண்டாம் அடுக்கு. அடுத்த ஆண்டு கொரோனாவால் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அனுபவம் குறைவு, திறமை வெளிப்படை. 2021-இல் அவருக்காக ஃபோர்ட்டி நைனர்ஸ் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறியது. முதல் ஆண்டு பெரும்பாலும் வெளியே உட்கார்ந்தார். இரண்டாம் ஆண்டு அணி அவர் கையில் வந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்கால் உடைந்தது. அந்த அணிக்காக அவர் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் நான்கு. 2023 ஆகஸ்டில் ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதே ஃபோர்ட்டி நைனர்ஸ் 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் பிராக் பர்டியை எடுத்திருந்தது. கடைசியாக எடுக்கப்படுபவருக்கு ‘எதற்கும் பொருட்டில்லாத ஆள்’ என்று விளையாட்டாக ஒரு பட்டமே அங்கே உண்டு. மற்ற குவாட்டர்பேக்குகள் காயப்பட்டதால் அந்த டிசம்பரில் அவருக்கு வாய்ப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். மூன்றாவதாக எடுத்தவரும் 262-ஆவதாக எடுத்தவரும் ஒரே அறையில், ஒரே பயிற்சியாளரிடம் படித்தவர்கள். இப்படி அடிவரிசையில் கிடைத்துச் சாதிப்பவருக்கு ‘ஸ்டீல்’ என்று பெயர், அதாவது அடித்துக்கொண்டு வந்த சரக்கு. அதில் எல்லோருக்கும் மேலே டாம் பிரேடி. 2000-இல் 199-ஆவது ஆள், ஏழு சூப்பர் பவுல்.

லான்ஸ் பஸ்ட்டா? பட்டியல் போடுபவர்கள் ஆம் என்கிறார்கள். உடைந்த கணுக்காலுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1995-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கீ-ஜானா கார்ட்டர் இன்னும் கொடுமை. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்காக, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் மூன்றாவது முறை பந்தோடு ஓடியபோது முழங்கால் தசைநார் கிழிந்தது. பழைய வேகம் அவருக்குத் திரும்பவே இல்லை. காயத்தால் போனவர்களைத் தனியாக வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அணியே வீரரைப் பாழாக்குவதும் உண்டு. டேவிட் கார் 2002-இல், அந்த ஆண்டுதான் பிறந்த ஹியூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் முதல் தேர்வு. முன்வரிசைக் காவல் சரியில்லை. அந்த ஒரே பருவத்தில் அவரை 76 முறை கீழே சாய்த்தார்கள். அது லீக் சாதனை. அப்படி அடிவாங்கியவருக்கு அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்பதில்தான் கவனம் இருக்கும். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, மறுபடி தொடங்கிய கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியில் முதல் தேர்வாக வந்த டிம் கவுச்சுக்கும் 56 முறை இதே கதி.

2005-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட அலெக்ஸ் ஸ்மித் தன் முதல் பருவத்தில் 1 டச் டவுன் போட்டு 11 எறிகளைப் பறிகொடுத்தார். அவருக்கு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு தாக்குதல் பயிற்சியாளர் மாறினார். ஒவ்வொருவரும் புதுப் பாடம், புதுச் சொல்லாட்சி. ஆறு ஆண்டுகள் ஊர் முழுக்க அவரைப் பஸ்ட் என்றது. 2011-இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தார். அந்தப் பருவத்தில் ஸ்மித்தின் அணி 13 வெற்றி, 3 தோல்வி. அதே 2005-இல் 24-ஆவது இடம் வரை யாரும் தொடாமல் காத்திருந்த ஏரன் ராட்ஜர்ஸ், கிரீன் பே அணியில் பிரெட் ஃபார்வ் என்ற ஜாம்பவானுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இருவரும் இடம் மாறியிருந்தால்? யாரிடமும் விடை இல்லாத கேள்வி, ஆனால் ஒவ்வொரு டிராஃப்டின்போதும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அணியை மாற்றியதும் தலையெழுத்து மாறியவர்கள் கொஞ்சப் பேர் அல்ல. ஸ்டீவ் யங் டாம்பா பேயில் தொடங்கிய ஆட்டங்களில் 3 வெற்றி, 16 தோல்வி. சான் ஃபிரான்சிஸ்கோ போனார், சூப்பர் பவுலில் ஆறு டச் டவுன் எறிந்தார், ஹால் ஆஃப் ஃபேம் சேர்ந்தார். 2018-இல் நியூயார்க் ஜெட்ஸ் மூன்றாவதாக எடுத்த சாம் டார்னல்ட், 2019-இல் ஒரு படுதோல்வியின் நடுவே ‘எனக்குப் பேய்கள் தெரிகின்றன’ என்று சொன்னது மைக்கில் பதிவாகிவிட்டது. இல்லாத எதிராளிகள் பாய்ந்து வருவதுபோலத் தோன்றுகிறது என்று அந்தப் பையன் மனம்விட்டுச் சொன்னதை நாடே கேலி செய்தது. ஜெட்ஸ் அவரை விற்றுவிட்டு 2021-இல் இரண்டாவது இடத்தில் சாக் வில்சனை எடுத்தது, அவரும் தேறவில்லை. டார்னல்ட் அணி அணியாக அலைந்து, 2024-இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போய் 35 டச் டவுன் எறிந்தார். அணி 14 ஆட்டங்களில் வென்றது.

கடைசியாக டோனி மாண்டரிச். குவாட்டர்பேக் அல்ல, குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர். 1989-இல் கிரீன் பே பேக்கர்ஸ் இரண்டாவதாக எடுத்தது. 300 பவுண்டுக்கு மேல் எடை, அந்த உடம்போடு நம்ப முடியாத வேகம். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அட்டையில் போட்டுக் கொண்டாடியது. அந்த ஆண்டின் முதல் ஐந்து பேரில் மற்ற நால்வர் டிராய் எய்க்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியோன் சாண்டர்ஸ். நால்வரும் ஹால் ஆஃப் ஃபேம். மாண்டரிச் மட்டும் சரிந்தார். 1992-இல் அதே இதழ் மறுபடி அட்டையில் போட்டது, இந்த முறை பஸ்ட் என்று. கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்ததையும், பேக்கர்ஸ் நாள்களில் வலிநிவாரணிக்கும் குடிக்கும் அடிமையாகிக் கிடந்ததையும் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

லீஃபும் இதே குழியில் விழுந்தவர்தான். வலிநிவாரணிப் பழக்கம் அவரை 2012-இல் சிறை வரை கொண்டுபோனது. 2014 டிசம்பரில் வெளியே வந்தார். இப்போது போதையிலிருந்து மீள்பவர்களுக்காகப் பேசுகிறார், ஆட்ட வர்ணனையும் செய்கிறார்.

மாண்டரிச் 1995-இல் சிகிச்சைக்குப் போய்க் குடியையும் மாத்திரையையும் விட்டார். மூன்று ஆண்டுகள் எந்த அணியிலும் இல்லாதவருக்கு 1996-இல் கோல்ட்ஸ் இடம் கொடுத்தது. பழைய ராட்சத உடம்பு இல்லை, அட்டைப்படம் இல்லை. அவர் அங்கே மூன்று பருவங்கள் ஆடினார். மூன்றாவது பருவம் 1998. பெய்டன் மேனிங் என்ற புதுப் பையன் 28 எறிகளைப் பறிகொடுத்துக்கொண்டே கற்றுக்கொண்ட அந்த ஆண்டில், அவரைக் காக்கும் முன்வரிசையில் ஓர் ஆளாக மாண்டரிச் இருந்தார்.